ஈரலில் மலேரியாவை மறிக்கப் போன வைரஸ் தடுப்பூசி: வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வன்னியில் மலேரியாவோடு வாழ்ந்த தலைமுறைக்கு அது ஒருமுறை வந்து மாறிப்போகும் வருத்தமாக இருக்கவில்லை. மாரி ஓய்ந்து தை, மாசி பிறக்கும்போது குளிரும் நடுக்கமுமாகப் படுப்பார்கள். குளோரோகுயின் விழுங்கினால் இரண்டு மூன்று நாளில் எழும்பி வயலுக்குப் போய்விடுவார்கள். பிறகு சில கிழமையோ சில மாதமோ கழித்து, புதிதாக எந்த நுளம்பும் கடிக்காமலே, அதே ஆளுக்கு அதே காய்ச்சல் திரும்பவும் வரும். அது கிளம்பிய இடம் ஈரல். இங்கே கூடுதலாகப் பரவியது பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்ற ஒட்டுண்ணி. அதில் ஒரு பங்கு ஈரல் கலங்களுக்குள் உறங்கிக் கிடந்து, பிந்தி விழித்துக் குருதிக்குள் இறங்கும். பல்சிபாரம் என்ற மற்ற வகைக்கு இந்த உறக்கம் இல்லை. ஆனால் ஆளைக் கொல்வது கூடுதலாக அதுதான். இரண்டுமே முதலில் ஈரலுக்குப் போய்ப் பெருகித்தான் குருதிக்கு வரவேண்டும்.

அந்த ஈரலுக்குள்ளேயே ஒட்டுண்ணியை முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில், வைரஸ்களைக் காவியாக, அதாவது பொதி சுமந்து போகும் வாகனமாக, வைத்து ஒரு தடுப்பூசி உருவானது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜென்னர் நிறுவனத்தில் ஏட்ரியன் ஹில் தலைமையிலான குழு பல வருடம் அதன் பின்னால் நின்றது. 'சிஎச்ஏடி63 எம்விஏ எம்இ-ட்ராப்' என்பது அதன் முழுப் பெயர். இந்த நிகழ்வு ஆய்வு அந்த ஊசியைப் பற்றியது.

நான் கிளிநொச்சிப் பக்கம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். நிர்ப்பீடனப் பாடத்தில், உடலைக் காக்கும் வெண்கலங்களில் ஒரு வகையான டி கலங்கள் வரும்போது பிள்ளைகளுக்கு இந்த ஊசியைத்தான் உதாரணமாக எடுப்பேன். அது பாவனைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஆழமாகப் பார்த்தால், வன்னியின் மலேரியா வேலையாட்களுக்கு எப்போதும் இருந்த அதே சிக்கல் அங்கேயும் தெரியும்: கையில் எடுக்கும் குருதி ஈரலில் நடப்பதைச் சொல்லாது.

ஏன் ஈரல், ஏன் வைரஸ்

தொற்றுள்ள அனோபிலிஸ் நுளம்பு கடிக்கும்போது ஸ்போரோசொயிட்டு எனப்படும் மெல்லிய ஒட்டுண்ணிகள் தோலுக்குள் இறங்குகின்றன. பெரும்பாலும் சில பத்துதான். அவற்றில் ஒரு பகுதி குருதியோடு போய் ஈரலை அடைந்து, ஒவ்வொன்றும் ஒரு ஈரல் கலத்துக்குள் புகுந்துகொள்ளும். பல்சிபாரம் அங்கே ஏறக்குறைய ஒரு கிழமை இருக்கும். அந்தக் கிழமை ஆளுக்கு எந்தக் குணங்குறியும் தெரியாது. முடிவில் அந்த ஒரே கலம் உடைந்து பல்லாயிரக்கணக்கான புதிய ஒட்டுண்ணிகள் குருதியில் பாயும். அவை செங்குருதிக் கலங்களைப் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் காய்ச்சல்.

ஆகவே ஒட்டுண்ணி எண்ணிக்கையில் மிகக் குறைந்து நிற்கும் கட்டத்தில் ஈரலும் ஒன்று. அங்கே மறித்தால் ஆளுக்குக் காய்ச்சலும் வராது, அவரைக் கடிக்கும் அடுத்த நுளம்புக்குத் தொற்றும் போகாது. ஆனால் கலத்துக்குள் புகுந்துவிட்ட ஒட்டுண்ணியை, குருதியில் மிதந்து கிருமியைப் பிடிக்கும் புரதங்களான பிறபொருளெதிரிகளால் எட்ட முடியாது. அந்த வேலைக்கு சிடி8 என்ற வகை டி கலங்கள் வேண்டும். தொற்றிய ஈரல் கலம் ஒட்டுண்ணிப் புரதத்தின் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் காட்டும். சிடி8 கலம் அதை இனங்கண்டு, அந்தக் கலத்தையும் உள்ளே இருப்பதையும் சேர்த்து அழிக்கும். 1967இல் ரூத் நுசென்ஸ்வைக், கதிர்வீச்சால் நலியவைத்த ஸ்போரோசொயிட்டுகளை எலிகளுக்குச் செலுத்தினால் காப்புக் கிடைக்கிறது என்று காட்டினார். அந்தக் காப்பில் சிடி8 கலங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது 1980களின் பிற்பகுதியில், அதுவும் எலிகளில்தான், தெரியவந்தது.

சரி, மனிதரில் அந்தக் கலங்களை எப்படிக் கிளப்புவது? வெறும் புரதத்தை ஊசியாக ஏற்றினால் பிறபொருளெதிரி நல்லாக வரும், சிடி8 கலம் பெரிதாக வராது. அதற்கு அந்தப் புரதம் நம்முடைய கலத்துக்குள்ளேயே உருவாக வேண்டும். கலத்துக்குள் புகுந்து தன் மரபணுவை அங்கே வேலை செய்யவைப்பது வைரஸின் பிறவித் தொழில். அந்தத் தொழிலைக் கடன் வாங்கி, வைரஸின் மரபணுத் தொகுதிக்குள் மலேரியாப் புரதத்தின் மரபணுவைச் செருகி அனுப்புவதுதான் உபாயம். 1984இலேயே, பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்த வக்சினியா வைரஸுக்குள் குரங்கு மலேரியா ஒன்றின் ஸ்போரோசொயிட்டுப் புரத மரபணுவை வைத்து, புரதம் உருவாவதைக் காட்டியிருந்தார்கள்.

'உயிருள்ள வைரஸ்' என்றதும் சனம் பயப்படுவது நியாயம். கோவிட் காலத்தில் எங்கள் பக்கத்திலும் அந்தப் பயத்தைக் கண்டேன். இங்கே பயன்பட்ட வைரஸ்கள் கலத்துக்குள் நுழையும், செருகிய புரதத்தைச் செய்யவைக்கும், அத்தோடு நின்றுவிடும். மனிதக் கலத்தில் அவற்றால் குட்டி போட்டுப் பெருக முடியாது.

இரண்டு வைரஸ்கள், ஒரே பொதி

தொடக்க முயற்சிகள் மெலிந்தவை. ஏழு பல்சிபார மரபணுக்களை ஏற்றிய நைவாக்-பிஎஃப்7 என்ற வக்சினியா ஊசியைப் போட்ட 35 பேரைத் தொற்றுள்ள நுளம்புகளைக் கொண்டு கடிக்கவிட்டார்கள், தப்பியவர் ஒருவர். இது 1998இல் வெளியான முடிவு. பிறகு காம்பியாவில் டிஎன்ஏ ஊசியும் வக்சினியா வழி வந்த ஊசியும் சேர்த்து 372 ஆண்களில் பார்த்தபோது கிடைத்த 10.3 சதவீதக் காப்பு தற்செயலாகவும் வரக்கூடியது. கென்யாவில் கோழியம்மை வைரஸை முதலில் போட்டு 405 சிறுவர்களில் செய்த சோதனையும் 2006இல் வெறுங்கையோடு முடிந்தது.

அடுத்து வந்த சோடி நல்லாக யோசித்துச் சேர்த்தது. முதல் ஊசி சிஎச்ஏடி63, சிம்பன்சிக் குரங்கின் அடினோ வைரஸ். மனிதரைத் தடிமன் காய்ச்சலில் படுக்கவைக்கும் அடினோ வைரஸ்களையும் காவியாக எடுக்கலாம். ஆனால் பலருடைய உடலில் அவற்றுக்கு எதிரான பிறபொருளெதிரி ஏற்கெனவே இருக்கும், ஆபிரிக்காவில் இது இன்னும் கூட. ஊசி வேலை தொடங்கமுன்னமே உடல் காவியை அழித்துவிடும். சிம்பன்சியின் வைரஸை மனித உடல் பெரும்பாலும் கண்டதில்லை. பெருகுவதற்கு வேண்டிய இ1 என்ற மரபணுப் பகுதியை அதிலிருந்து வெட்டி எடுத்துவிடுகிறார்கள்; அந்தப் பகுதியை வெளியிலிருந்து கொடுக்கும் சிறப்புக் கலங்களில் மட்டும் ஆய்வுகூடத்தில் வளர்க்கலாம்.

இரண்டாவது ஊசி எம்விஏ. துருக்கியின் அங்காராவில் பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வக்சினியா வகையை மியூனிக்கில் அன்ரன் மாயர் கோழிக்குஞ்சுக் கருவின் கலங்களில் 570 தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்தார். அந்த நீண்ட வளர்ப்பில் வைரஸ் தன் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 15 சதவீதத்தை இழந்தது. மனிதர் உட்படப் பெரும்பாலான முலையூட்டிகளின் கலங்களில் பெருகும் ஆற்றலும் போய்விட்டது. 1970களில் ஜெர்மனியில் ஏறக்குறைய 1,20,000 பேருக்கு அது பெரியம்மை ஊசியாகப் போடப்பட்டது. ஆகவே அதன் பாதுகாப்பு முன்பே தெரிந்திருந்தது.

ஏன் இரண்டு வைரஸ்? முதல் ஊசிக்குப் பிறகு உடல் மலேரியாப் புரதத்தை மட்டுமில்லை, அதைக் கொண்டுவந்த வைரஸையும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒருமுறை வேலிப்பொட்டால் நுழைந்து நாயிடம் அகப்பட்டவன் மறுநாள் அதே பொட்டால் வந்தால் வளவுக்குள் கால் வைக்க விடாது. வேறு ஆளிடம் அதே பொதியைக் கொடுத்து வேறு பக்கத்தால் அனுப்பவேண்டும். சிஎச்ஏடி63 போட்டு எட்டுக் கிழமைக்குப் பிறகு எம்விஏ போட்டபோது டி கலங்கள் ஏறிய ஏற்றம், எந்த ஒன்றையும் தனியே போட்டபோது கண்ட அளவைவிடப் பல மடங்கு.

இரண்டும் சுமந்த பொதி எம்இ-ட்ராப். ஸ்போரோசொயிட்டு நகர்வதற்கும் கலத்துக்குள் புகுவதற்கும் வேண்டிய ட்ராப் என்ற புரதம் முழுதாகவும், அதோடு வேறு சில மலேரியாப் புரதங்களிலிருந்து டி கலங்கள் இனங்காணும் துண்டுகள் கோத்தும் வைக்கப்பட்டிருந்தன.

எண்கள் சொன்னதும் சொல்லாததும்

இங்கிலாந்தில் மலேரியாவையே கண்டிராத வளர்ந்தவர்களுக்கு ஊசி போட்டு, பிறகு தொற்றுள்ள ஐந்து நுளம்புகளைக் கடிக்கவிட்டு, நாளாந்தம் குருதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒட்டுண்ணி தெரிந்த உடனே மருந்து. 2013இல் வெளிவந்த முடிவு: 14 பேரில் 3 பேருக்குத் தொற்றே வரவில்லை, இன்னும் 5 பேருக்குப் பிந்தி வந்தது. பிந்தி வந்ததும் முக்கியம், ஈரலில் ஒரு பங்கு ஒட்டுண்ணி அழிந்ததால்தான் குருதியில் எண்ணிக்கை ஏற நாள் எடுத்தது. ஊசி போட்டதும் டி கலங்கள் சராசரியாகப் பத்து இலட்சம் வெண்கலங்களுக்கு 2,436 என்ற உயரத்துக்குப் போயிருந்தன. இன்னொரு சுற்றில் 15 பேரில் 2 பேர் முழுதாகத் தப்பினார்கள்.

இந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சற்று நின்று விளக்குவேன். கையில் குருதி எடுத்து, வெண்கலங்களைப் பிரித்து, சிறு கிண்ணங்களில் இட்டு, மலேரியாப் புரதத் துண்டுகளைச் சேர்த்து ஓர் இரவு வைக்கிறார்கள். அந்தத் துண்டை இனங்காணும் கலம் இன்டர்பெரோன் காமா என்ற பொருளைச் சுரக்கும். சுரந்த இடத்தில் சாயம் பிடித்து ஒரு புள்ளி விழும். ஒரு புள்ளிக்கு ஒரு கலம். புள்ளிகளை எண்ணினால் எண் வந்துவிடும். திருத்தமான, அழகான முறை. ஆனால் அது எண்ணுவது கைக்குருதியில் ஓடும் கலங்களை.

அடுத்து கென்யா. கிலிபிப் பக்கத்தில் 121 வளர்ந்த ஆண்களை எடுத்தார்கள். எல்லோருக்கும் முதலில் மருந்து கொடுத்து உடம்பில் இருந்த ஒட்டுண்ணியைத் துடைத்துவிட்டு, பாதிப்பேருக்கு மலேரியா ஊசியும் பாதிப்பேருக்கு விசர்நாய்க்கடி ஊசியும். எட்டுக் கிழமை பிசிஆர் முறையில் கண்காணித்ததில், மலேரியா ஊசி போட்டவர்களுக்குத் தொற்று 67 சதவீதம் குறைவு. 2015இல் இது வெளிவந்தபோது அந்தத் துறையில் எழுந்த உற்சாகம் எனக்கு விளங்குகிறது. இயற்கையான கடிக்கு எதிராக, பிறபொருளெதிரியை நம்பாமல் டி கலத்தையே நம்பி நின்ற ஒரு மலேரியா ஊசி வேலை செய்ததுபோலத் தெரிந்தது. செனகலில் 120 ஆண்களில் அதே ஊசி 8 சதவீதம்தான் காட்டியது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் 50 சதவீதம்.

ஆனால் மலேரியா கொல்வது சிறு பிள்ளைகளை. ஆகவே பேர்கினா பாசோவில், மலேரியா மிகக் கடுமையாகப் பரவும் ஓர் இடத்தில், 5 முதல் 17 மாத வயதுடைய 700 பிள்ளைகளில் சோதனை நடந்தது. 2018இல் முடிவு வந்தது. ஊசி பாதுகாப்பானது. காப்பு 13.8 சதவீதம், அந்த மதிப்பீட்டின் இடைவெளி பூச்சியத்துக்குக் கீழே வெகுதூரம் இறங்கியிருந்தது, அதாவது காப்பு இருந்தது என்றே சொல்ல முடியாது. டி கலங்களின் நடுஎண் 326. இங்கிலாந்தில் கண்டதன் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்த இடத்தில் எளிதான விளக்கம் ஒன்று கையில் வரும்: பிள்ளைகளுக்கு டி கலம் குறைவாக வந்தது, அதனால் காப்பும் இல்லை. உண்மைதான், ஆனால் போதாது. இங்கிலாந்தில் 2,436 வந்தும் பெரும்பாலானவர்களுக்குத் தொற்று வந்ததே. என் கருத்தில் உண்மையான முடிச்சு ஈரலில் இருக்கிறது. ஈரல் கலங்களின் எண்ணிக்கை கோடி கோடியாக. அதில் தொற்றியவை சில பத்துக்குள். ஒரு கிழமைக்குள் அந்த ஒவ்வொன்றையும் ஒரு சிடி8 கலம் தேடிப் பிடிக்கவேண்டும். ஒன்று தப்பினாலும் போதும், குருதியில் மலேரியா. கையில் ஓடும் கலங்களைக்கொண்டு இந்த வேட்டை நடக்காது. ஈரலிலேயே தங்கி, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் டி கலங்கள் வேண்டும். அவை எத்தனை என்று கைக்குருதியில் விழும் புள்ளிகள் காட்டா. இதை ஒக்ஸ்போர்ட் குழுவும் கண்டுகொண்டது. முதலில் தசையில் ஊசி, பிறகு நாளத்தினூடாக ஈரலுக்குப் போகும்படி இரண்டாவது ஊசி என்ற முறையை எலிகளில் செய்து, ஈரலில் தங்கும் டி கலங்களும் காப்பும் கூடுவதை 2018இல் காட்டினார்கள். எலிகளில் வென்றது பிள்ளைகளின் கையில் வருவதற்கு இடையில் எவ்வளவு தூரம் என்பதை இதே ஊசியின் வரலாறே சொல்லும்.

இதற்கிடையே அதே குழு வேறு வழியிலும் போனது. ஆர்21 என்ற ஊசியில் வைரஸ் காவி இல்லை. ஸ்போரோசொயிட்டின் மேற்பரப்புப் புரதத்தை மஞ்சட்காமாலை பி வைரஸின் புரதத்தோடு ஒட்டி, மெட்ரிக்ஸ்-எம் என்ற துணைப்பொருள் சேர்த்தது. ஒட்டுண்ணி ஈரலுக்குள் புகமுன்னரே பிறபொருளெதிரியால் பிடிப்பது அதன் திட்டம். அதே பேர்கினா பாசோவில், நனோரோ என்ற இடத்தில், அதே 5 முதல் 17 மாதப் பிள்ளைகளில், பருவ காலத்துக்குச் சற்று முன்னர் போட்டபோது ஒரு வருடத்தில் 77 சதவீதக் காப்பு என்று 2021இல் அறிவித்தார்கள். இடமும் பரவலின் அளவும் வேறு என்பதால் 13.8ஐயும் 77ஐயும் நேரே ஒப்பிடக் கூடாது. என்றாலும் பிறபொருளெதிரி வழி இந்தச் சுற்றில் முந்திவிட்டது என்பதை மறுக்க முடியாது. 2021 ஒக்டோபரில் ஆர்டிஎஸ்,எஸ் என்ற இன்னொரு மலேரியா ஊசி, 2023 ஒக்டோபரில் ஆர்21 என இரண்டு ஊசிகளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆர்21ஐ இந்தியாவின் பூனேயில் உள்ள சீரம் நிறுவனம் உற்பத்தி செய்கிறது.

காவி வைரஸ்களில் போட்ட உழைப்பு வீணாகவில்லை. மலேரியாவுக்காக டி கலங்களைக் கிளப்பப் படித்த அதே கைகள்தான், சேரா கில்பேர்ட் உட்பட, சிம்பன்சி அடினோ வைரஸ் ஒன்றின்மேல் கோவிட் ஊசியைக் கட்டின. 2021 ஜனவரி 28இல் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்திறங்கிய ஐந்து இலட்சம் கோவிஷீல்ட் அதுதான். முதலில் போட்டது சுகாதார ஊழியர்களுக்கு. வன்னியில் மலேரியாத் தடை வேலையில் இருந்து கோவிஷீல்ட் போட்டவர்கள், தங்களுடைய வருத்தத்துக்காக முதலில் வளர்ந்த உத்தியைத் தங்கள் தோளிலேயே வாங்கியிருக்கிறார்கள். அந்த வகை ஊசியால் மிக அரிதாகக் குருதி உறையும் பாதிப்பும் வந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் காவிகளின் கதையை முடிக்கக் கூடாது.

"அப்ப எங்களுக்கு ஏன் வரேல்லை, ரீச்சர்?"

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற மலேரியா வெளிக்கள ஊழியர் ஒருவர் இருக்கிறார். வகுப்புக்காக ஒருமுறை அவரிடம் பழைய வேலை முறையைக் கேட்கப் போயிருந்தேன். விரல் நுனியில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தடித்த வட்டமாகவும், பக்கத்தில் மெல்லிய படலமாகவும் இழுக்கும் விதத்தை வெறும் கையால் காட்டினார். மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில் நுண்நோக்கியின் கண்ணாடியைப் பகல் வெளிச்சத்துக்குத் திருப்பிவைத்துத்தான் பார்ப்பார்களாம். வைவாக்ஸ் புகுந்த செங்கலம் பெருத்து, சின்னச் சின்னப் புள்ளி விழுந்து தெரியும். பல்சிபாரத்தின் பிறை வடிவத்தைக் கண்டால் நோயாளியை உடனே தேடிப் போகவேண்டும்.

நான் ஊசியின் கதையைச் சொல்லி முடித்ததும் கேட்டார்: "அப்ப எங்களுக்கு ஏன் வரேல்லை, ரீச்சர்? உது அப்பவே வந்திருந்தால் உந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்பக் கிளம்புறது நிண்டிருக்குமெல்லோ?"

"இல்லை ஐயா, அது பல்சிபாரத்துக்குச் செய்த ஊசி. எங்கட ஆக்களுக்குக் கூட வந்தது வைவாக்ஸ்."

"பிறகேன் அதுக்கும் ஒண்டு செய்யேல்லை?"

அவருடைய இந்தக் கேள்விதான் சரியான கேள்வி. வைவாக்ஸ் ஆபிரிக்காவின் பெரும் பகுதியில் குறைவு. அது கொல்வதும் குறைவு. பணமும் கவனமும் பல்சிபாரத்தின் பக்கம் சாய்ந்தன. இன்னொரு தடை தொழில்நுட்பமானது: பல்சிபாரத்தை ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்க 1976 முதல் முறை உண்டு, வைவாக்ஸை அப்படி வளர்க்க இன்றுவரை நம்பகமான முறை இல்லை. வைவாக்ஸின் ட்ராப் புரதத்தை அதே இரண்டு வைரஸ்களில் ஏற்றி எலிகளில் பார்த்தார்கள். மனிதரில் போய்ச் சேர்ந்தது வேறொரு புரதம், வைவாக்ஸ் செங்குருதிக் கலத்துக்குள் நுழையப் பயன்படுத்தும் டஃபி பிணைப்புப் புரதம்.

2023இல் வெளியான அந்தச் சோதனை எனக்கு இந்த ஆய்வின் மிகப் பெறுமதியான பகுதி. ஒரே புரதத்தை ஒரு தொகுதியினருக்கு சிஎச்ஏடி63, எம்விஏ வைரஸ்களிலும், வேறு தொகுதியினருக்கு மெட்ரிக்ஸ்-எம் சேர்த்த தனிப் புரதமாகவும் கொடுத்து, பிறகு வைவாக்ஸைக் குருதியில் செலுத்திப் பார்த்தார்கள். வைரஸ் ஊசி ஒட்டுண்ணி பெருகும் வேகத்தைக் குறைக்கவில்லை. தனிப் புரத ஊசி, நீண்ட இடைவெளி விட்டுப் போட்டபோது, ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. அந்த நீண்ட இடைவெளி கோவிட் முடக்கத்தால் சோதனை நின்றுபோனதில் வந்தது. குருதிக்குள் வந்துவிட்ட ஒட்டுண்ணியைப் பிடிக்கப் பிறபொருளெதிரி வேண்டும், அதில் தனிப் புரதம் வலிது. வைரஸ் காவி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது இதில் தெளிவாகிறது. அதற்கு ஏற்ற களம் கலத்துக்குள். வைவாக்ஸைப் பொறுத்தவரை அந்தக் களம் ஈரல். அங்கே உறங்கும் ஒட்டுண்ணியை டி கலங்களால் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வேண்டும். பல்சிபாரம் ஒரு கிழமையில் ஈரலை விட்டுவிடும். உறங்கும் வைவாக்ஸ் மாதக்கணக்காக அங்கேயே கிடக்கிறது, தேடுவதற்கு நேரம் இருக்கிறது. ஆனால் உறக்கத்தில் அது கலத்தின் மேற்பரப்பில் காட்டும் புரதமும் சொற்பமாக இருக்கலாம். வைவாக்ஸுக்கு அனுமதி பெற்ற தடுப்பூசி இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

ஊசி இல்லாமல் நடந்தது

1999இல் இலங்கை முழுவதிலும் 2,64,549 மலேரியா நோயாளர், 2000இல் 2,10,039. அதில் பெரும் பங்கு யுத்தம் நடந்த வடக்குக் கிழக்கு மாவட்டங்களில். இடம்பெயர்ந்து மரத்தடியிலும் தறப்பாளுக்குள்ளும் படுத்த சனத்துக்கு மருந்தடிக்கச் சுவர்கூட இல்லை. வற்றிய ஆற்றுப் படுகைக் குட்டைகளில் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் பெருகியது. அதற்கு நடுவில் மலேரியாத் தடை இயக்கத்தின் ஆட்கள் வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடித்தார்கள், நடமாடும் சிகிச்சை நடத்தினார்கள், தகடு எடுத்தார்கள், பிற்காலத்தில் நீண்டகாலம் நிற்கும் மருந்தூட்டிய நுளம்பு வலைகளைப் பகிர்ந்தார்கள். உள்நாட்டுத் தொற்றாக இலங்கையில் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். மலேரியா அற்ற நாடு என்ற சான்று 2016 செப்டெம்பரில்.

அதாவது கென்யாவின் 67 சதவீதம் அச்சில் வந்தபோது வன்னியில் மலேரியா போய்விட்டிருந்தது. ஊசி வந்துதான் மலேரியா போகவேண்டும் என்றில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே நேரம், எங்களுக்குப் போய்விட்டதால் ஊசித் தேடல் வேறு யாருடையதோ விடயம் என்று இருந்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அந்த ஐயாவின் தகட்டில் உறங்கும் வைவாக்ஸ் தெரியவே தெரியாது. அது ஈரலில் இருக்க, குருதி சுத்தமாகத் தெரியும். ஆய்வுகூடப் புள்ளிகளிலும் ஈரலில் நிற்கும் டி கலங்கள் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரலைத் துப்புரவாக்க இப்போது எம்மிடம் உள்ள முக்கிய வழி பிறைமாகுயின், 14 நாள். ஜி6பிடி நொதியம் குறைந்தவர்களில் அது செங்கலங்களை உடைக்கும் என்பதால் பரிசோதித்துத்தான் கொடுக்கவேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் விட்ட நாலாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடும் மனுசருக்கு 14 நாள் பெரிய கணக்கு. ஈரலைக் காக்கும் ஒரு ஊசி இந்த இடத்தில்தான் பெறுமதியாகும்.

இப்போதைய ஆபத்தும் சிறிதில்லை. 2016 இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். குலிசிபேசிஸ் ஆற்றுக் குட்டையை நம்பும். இது கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகும், நகரத்தில் தாராளமாக வாழும். நுளம்பு இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் உடம்பில் ஒட்டுண்ணியும் ஒவ்வொரு வருடமும் வருகிறது. 2018 டிசம்பரில் மொனராகலையில், வெளியிலிருந்து வந்த ஒருவரின் தொற்று உள்ளூர் நுளம்பால் இன்னொருவருக்குப் பரவியது.

ஆபிரிக்காவுக்கோ இந்தியாவின் மலேரியாப் பகுதிக்கோ போகிறவர்கள் புறப்படமுன் மலேரியாத் தடை இயக்கத்திடம் தடுப்பு மாத்திரையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், டெங்கு என்று நினைத்து இருந்துவிடாமல், எந்த நாட்டுக்குப் போய் வந்தது என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லி மலேரியாப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள்.